எந்த முருகன்?

ஜனவரி 20, திங்கள்

சூலூர் எடைமேடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாள் மேசையில் சும்மா கிடந்தது. எழுதுவதற்கு இன்று ஒரு காரணம் வந்து சேர்ந்துவிட்டது. காரணத்தின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அம்மாவின் வைத்தியத்துக்காகக் கோயமுத்தூர் வந்திருக்கிறாளாம்.

எம்.டி. குப்புராஜ் சார் அவளை ஒவ்வொரு மேசையாகக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தார். என்னிடம் வந்ததும், "இவருதான் தண்டபாணி, நம்ம கம்பெனியோட மூளை" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இன்று நல்ல நாள். அடுத்த மூச்சிலேயே, ஜெசிந்தா வந்தது நமக்கெல்லாம் பெரிய பலம் என்றார். நான் சேர்ந்த அன்று என்னை யாரும் எந்த மேசைக்கும் கூட்டிப்போகவில்லை. நாற்காலிகூட நானே தூக்கிவந்து போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து இன்னொன்றும் சொன்னார். சித்திரை பிறந்ததும் ஓசூரில் கிளை திறக்கிறோம், அதைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து ஒருவர் போகவேண்டும். என் மனைவி அம்சவேணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சூளகிரியில். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். அவளுக்கு அங்கே மாற்றல் ஆனதிலிருந்து அவளும் மகள் நித்திலாவும் அங்கே, நான் இங்கே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை நாள் குடும்பம் நடத்துகிறோம்.

ஓசூருக்கு என்னைத் தவிர வேறு யாரை அனுப்புவார்கள்?

ஜனவரி 22, புதன்

அந்தப் பெண் இன்று என் மேசைக்கு வந்து, செட்டிங்ஸ் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். புரோகிராமுக்குள்ளேயே ஒரே ஃபைலில் இருக்கிறது என்று திறந்து காட்டினேன். கொஞ்சம் பெருமையோடுதான் காட்டினேன்.

லாரி மேடை மேல் ஏறினால் எடையைப் படித்து, சீட்டு அடித்து, எடைமேடைக்காரருக்கு மெசேஜ் அனுப்புவது எங்கள் புரோகிராம். எல்லா ஊருக்கும் ஒரே புரோகிராம். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் எடையைக் காட்டும் எடைப்பெட்டி வேறு, பிரிண்டர் வேறு, மெசேஜ் போகவேண்டிய ஆள் வேறு. அந்த வித்தியாசம் எல்லாம்தான் என் ஃபைல். எங்காவது ஒன்றை மாற்றவேண்டும் என்றால் நான் ஃபைலைத் திறந்து மாற்றி, புதிய வெர்ஷன் செய்து அந்த ஊருக்கு அனுப்புவேன்.

அவள் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து நின்றாள். "முருகன்1, முருகன்2, முருகன்3... இதெல்லாம் என்ன சார்?"

வாடிக்கையாளர்கள் என்றேன். கொங்கு நாட்டில் எடைமேடை வைப்பவர்களில் பாதிப் பேர் அதற்கு முருகன் பெயரைத்தான் வைக்கிறார்கள். ஸ்ரீ முருகன், வேல்முருகன், பாலமுருகன், எல்லாம் அவன்தான். அவர்கள் வந்த வரிசைப்படி நான் எண் போட்டுக்கொண்டேன். முருகன்3 காங்கேயத்தில் தேங்காய்க் களத்துக்கு எதிரே. முருகன்5 மேடையை விற்றுவிட்டார், எண் மட்டும் இருக்கிறது. முருகன்6-க்கு மெசேஜ் அவருக்குப் போகக்கூடாது, மச்சானுக்குத்தான் போகவேண்டும்.

இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எழுதவேண்டியதில்லை, எனக்குத் தெரியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ரசம் வைக்கும்போது பெருங்காயம் அகப்படவில்லை. அம்சவேணிக்கு ஃபோன் போட்டேன். அடுப்புக்கு மேல் இரண்டாவது தட்டில், பின்வரிசை, வளைந்த மூடி போட்ட டப்பா என்றாள். முன்னூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு கண்ணால் பார்க்கிற மாதிரி சொல்கிறாள். ஞாயிறு குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற இருக்கவேண்டும், இந்த வாரம் வரமுடியாது என்றாள்.

ரசம் நன்றாக வந்தது. சாப்பிட ஆளில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று மீட்டிங். ஜெசிந்தா போர்டில் நாலு கட்டம் போட்டாள். யாரும் எப்போதும் மாற்றாதது புரோகிராமுக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் வேறுபடுவது, எடைப்பெட்டி எந்த ஒயரில் வருகிறது என்பதைப் போல, அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன ஃபைலில் இருக்கட்டும். எடைமேடைக்காரர் அடிக்கடி மாற்றுவது, மெசேஜ் போகும் ஃபோன் நம்பரைப் போல, அவர் பார்க்கும் திரையிலேயே இருக்கட்டும். பாஸ்வேர்டு மட்டும் இது எதிலும் சேராமல் தனியாகப் பூட்டி இருக்கவேண்டும்.

"யார் மாத்துதாங்களோ, அவங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும் சார். அவ்வளவுதான்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். இதே ஆட்கள் என் ஃபைலுக்கும் இத்தனை வருஷம் இதே தலையைத்தான் ஆட்டினார்கள்.

நான் விடவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் ஒரே பார்வையில் பார்க்கலாம், நாலு இடத்தில் வைத்தால் நாலு இடத்திலும் தொலையும் என்றேன். எடையை ஐந்து கிலோவுக்கா பத்து கிலோவுக்கா, எத்தனைக்கு முழுமையாக்குவது என்பதைத் திரையில் வைத்தால் எவனாவது கைவைத்து எடையில் விளையாடுவான், மேடையைச் சோதித்து முத்திரை போட வருகிற அரசாங்க அதிகாரி யாரைப் பிடிப்பார் என்று கேட்டேன்.

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். "சார் சொல்றது ரொம்பச் சரி. எனக்கு அது தோணவே இல்ல. அது உள்ளேயே இருக்கட்டும்" என்று சொல்லி, மூன்றாவது கட்டத்திலிருந்து அழித்து முதல் கட்டத்தில் எழுதினாள். எதிர்த்துப் பேசியிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். ஒத்துக்கொண்டு ஜெயிக்கிறவளை என்ன செய்வது?

கடைசியில், இப்போது ஓடுவதை ஏன் கலைக்கவேண்டும், மார்ச்சில் கணக்கு வருஷக் கடைசி வேலை முடியட்டும் என்று நான் சொன்னதை எம்.டி. ஏற்றுக்கொண்டார். என் பேச்சுதான் எடுபட்டது. அப்படியும் வயிறு எரிவது நிற்கவில்லை.

ஜனவரி 29, புதன்

போர்டில் அந்த நாலு கட்டத்தை யாரும் அழிக்கவில்லை. நான் அழித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்சவேணியும் நித்திலாவும் வந்திருந்தார்கள். காலையில் நான் இஞ்சி வாங்கிவருவதற்குள் சமையலறையில் இருந்த எல்லா டப்பாவிலும் சீட்டு ஒட்டிவிட்டார்கள். நித்திலாவின் கையெழுத்து. கடுகு, வெந்தயம், பெருங்காயம். எட்டாம் வகுப்புக்கு எழுத்து நன்றாக இருக்கிறது.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "இனிமே டப்பா எங்கேன்னு என்னக் கேக்க வேண்டாமுங்க. உங்களுக்கும் சுளுவு" என்றாள் அம்சவேணி. நல்லதுதான். ஆனால் எனக்கு ஏனோ முகம் விழுந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "டப்பா எங்கேன்னு கேக்கறதுக்கு மட்டும்தான் ஃபோன் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிடும்போது ஓசூர் பற்றிச் சொன்னேன். எனக்குத்தான் கிடைக்கும், வேறு ஆள் இல்லை என்றேன். நித்திலா உடனே சூளகிரியில் மாடி வீடு ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னாள். போகும்போது அம்சவேணி என் பழைய பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தூசி தட்டி வைத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

எம்.டி. கூப்பிட்டு டீ கொடுத்தார். அவர் அறையில் டீ என்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர்கள் எப்படி இருக்கிறார்கள், யார் யார் கஷ்டம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, மெதுவாக, "ஏம்ப்பா பாணி, நீ இல்லாம இங்க ஒரு வாரம் ஓடுமா?" என்றார்.

இதுதான் சந்தர்ப்பம் என்று புரிந்தது. என் அருமை அவருக்குத் தெரியவேண்டாமா? "ஒரு வாரமா? ஒரு நாள் ஓடாது சார்" என்றேன். எந்த முருகன் யார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதை விளக்கமாகச் சொன்னேன். முருகன்6-இன் மச்சான் கதையைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஓசூர் எனக்குத்தான். இனி சந்தேகமில்லை.

பிப்ரவரி 12, புதன்

ஜெசிந்தா ஊரிலிருந்து மக்ரூன் வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். மொத்த ஆபீஸும் அவள் மேசையைச் சுற்றி ஈயாக மொய்த்தது. ஃபோன் எடுக்கும் சுகந்தி, எட்டு வருஷமாக எந்தச் சந்தேகம் வந்தாலும் "பாணி அண்ணா" என்று என்னிடம் ஓடிவருபவள், இன்று இரண்டு தடவை அவளிடம் போய்க் கேட்டாள். பிரிண்டர் சந்தேகம். பிரிண்டர் எனக்குத் தெரியாதா?

மக்ரூன் நான் எடுக்கவில்லை. பிறகு ஒன்று எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

மத்தியானம் ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லுதேன் சார், கோவிச்சுக்கிடாதீங்க. நித்திலாங்கிறது உங்க பாப்பா பேருதானே?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். மெசேஜ் அனுப்பும் சர்வரின் பாஸ்வேர்டு ஃபைலில் திறந்து கிடக்கிறது, நித்திலாவும் பிறந்த வருஷமும் என்றாள். அவள் பிறந்த மாதம்தான் அதைப் போட்டேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்திருந்தேன்.

"எல்லா எடைமேடைக் கம்ப்யூட்டர்லயும் பாப்பா பேரு இருக்கு சார். யாரு வேணும்னாலும் படிக்கலாம்." அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க ஓசூர் போகணும்னா, இதெல்லாம் உங்க தலைய விட்டு வெளிய வரணும் சார். நான் வேணா கூட உக்காந்து செய்து தாரேன்" என்றாள்.

புரிந்துவிட்டது. என் தலையில் இருப்பதை எல்லாம் கறந்துகொண்டு, என்னை ஓசூருக்கு வண்டி ஏற்றிவிட்டு, இங்கே என் நாற்காலியில் உட்காரத் திட்டம். எவ்வளவு பதவிசாகக் கேட்கிறாள் பாருங்கள். வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். ஓசூர் போகத்தானே எனக்கும் ஆசை? இருந்தாலும் நான் போனபிறகும் அந்த நாற்காலி என்னுடையதாகவே இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. இது தப்பா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 22, சனி. சூளகிரி

நேற்று நித்திலாவின் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. லீவு போட்டுவிட்டு வந்தேன். போன வருஷம் வரமுடியவில்லை, அதற்கு முந்தின வருஷமும் முடியவில்லை. நாடகத்தில் அவளுக்கு நீதிபதி வேஷம். கறுப்பு அங்கி அம்சவேணி தைத்தது.

வரவேற்பு நடனத்தின்போதே ஜெசிந்தாவிடமிருந்து ஃபோன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். சத்தத்தை நிறுத்திச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். நாலு கட்டம் போடத் தெரிந்தவளுக்கு ஒரு நாள் ஆபீசைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? பைக்குள் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் அது எனக்குச் சுகமாக இருந்தது.

பிறகு எம்.டி. நம்பரிலிருந்து வந்தது. அதை எடுக்காமல் இருக்கமுடியுமா? வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். பல்லடத்து முருகன் எடைப்பெட்டியை மாற்றியிருக்கிறார். புதுப் பெட்டிக்குத் தக்கபடி செட்டிங்கை மாற்றவேண்டும். ஜெசிந்தா ஃபைலில் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் ஃபோன் நம்பரைத் தேடி, அது முருகன்4-இல் இருந்ததால் அதை மாற்றி அனுப்பிவிட்டாள். முருகன்4 அவினாசி. பல்லடம் முருகன்7. அவினாசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேடை பூஜ்யம் காட்டுகிறது, பஞ்சு லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, பல்லடமும் ஓடவில்லை.

எனக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் முன்பு சேர்ந்து நடத்தினார்கள். பாகம் பிரித்தபோது மேடைகளை மாற்றிக்கொண்டார்கள். மெசேஜ் போகும் நம்பரை மட்டும் ஃபைலில் மாற்றினேன்; உரிமையாளர் நம்பரை மாற்றவில்லை, மனதுக்குள் மாற்றிக்கொண்டேன். என் வேலை அதனால் என்றும் நின்றதில்லை. மரத்தடியில் நின்றபடியே ஒவ்வொரு வரியாகச் சொல்லி அடிக்கவைத்தேன். இரண்டு ஊரும் ஓடியது. எம்.டி., "நீ மகராசனா இருப்பா" என்றார். ஃபோனில் அவருக்குப் பின்னால் ஜெசிந்தாவின் குரல் கேட்டது, யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி உள்ளே போனபோது மேடையில் வேறு பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்துவிட்டது. சின்ன நாடகம்தான். நித்திலா அங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள். வசனம் எல்லாம் மறக்காமல் சொன்னாயா என்று கேட்டேன். ம் என்றாள். அம்சவேணி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதவரை பிரச்சினை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையே வேறு. சுகந்தி மறுபடி என் மேசைக்கே வந்தாள்.

எம்.டி. மீட்டிங் போட்டு என்ன நடந்தது என்று கேட்டார். ஜெசிந்தா எழுந்து, "என் தப்புதான் சார். சரிபாக்காம அனுப்பிட்டேன்" என்றாள். ஃபைலில் நம்பர் பழையது என்பதை அவள் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லையே. எம்.டி. பெருமூச்சு விட்டு, பாணி இல்லை என்றால் நம் கதி இதுதான், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன், சிரிப்பு தெரியாமல் இருக்க.

மார்ச் 3, திங்கள்

ஓசூர் ஜெசிந்தாவுக்கு.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. எம்.டி. முதலில் என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார். டீ வந்தது. "உன்னத்தாம்ப்பா முதல்ல நெனச்சேன். உன் குடும்பம் அந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீயே சொன்ன, ஒரு நாள் ஓடாதுன்னு. அன்னைக்குக் கண்ணாலயும் பாத்தாச்சு. உன்ன எப்படிப்பா நான் விடுவேன்?" என்றார். பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். தோளில் தட்டினார். வேறு யாருக்கும் தராத சம்பள உயர்வு தருகிறேன் என்றார்.

வெளியே வந்தபோது எல்லோரும் ஜெசிந்தாவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். பாவப்படுகிறாள். அவள் பொறாமைப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் பக்கம், அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க நல்லது என்கிறாள். என் பிள்ளை அங்கே இருக்கிறாள். என் பிள்ளையின் ஊருக்கு இவள் போகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

அம்சவேணி தனியாக வந்திருந்தாள். நித்திலா பரீட்சைக்குப் படிக்கவேண்டும், வரவில்லை என்றாள். நேற்று முழுக்க என்னால் சொல்ல முடியவில்லை. இன்று அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு ஓசூர் இல்லை, நான் இல்லாமல் இங்கே ஓடாதாம், என்னை விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

அவள் திரும்பவில்லை. மாவை எல்லாக் குழியிலும் ஊற்றி, தட்டை உள்ளே வைத்து, மூடினாள். பிறகு கேட்டாள்.

"உங்கள விட முடியாதுன்னு சொன்னப்ப, உங்களுக்குச் சந்தோசமாத்தான இருந்துச்சு?"

நான் இல்லை என்று சொல்ல வந்து, மூடியிருந்த இட்லிப் பாத்திரத்தை மறுபடி அழுத்தி மூடினேன்.

"நாங்களும் அதேதானுங்க இத்தன வருசமாச் சொல்றோம், நீங்க இல்லாம ஓடலைன்னு. அது உங்களுக்கு ஒருநாளும் இப்படிக் கேக்கலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சட்னிக்குத் தாளிக்கக் கடுகு எடுக்க டப்பாவைத் தேடினாள், சீட்டைப் பார்த்து எடுத்தாள். அவள் வீட்டு டப்பாவையே அவள் சீட்டுப் பார்த்து எடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பஸ் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தேன். மறுபடி தூசி.

மார்ச் 11, செவ்வாய்

ஜெசிந்தாவிடம் பேசினேன். பேசவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போய்ப் பேசினேன். செட்டிங்கை வெளியே எடுக்கிற வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டேன்.

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். நாலு கட்டமும் தயார். ஜனவரியிலேயே தன் பக்கத்தில் தனியாகச் செய்து வைத்திருக்கிறாள். ஃபைலில் உள்ளதை அந்தந்த இடத்துக்கு ஏற்றவேண்டியதுதான் பாக்கி. "ஆனா ஃபைல்ல இருக்கறதே உண்மையில்ல சார். பாதி உங்கள்ட்ட இருக்கு."

அப்போதுதான் விளங்கியது. நம்பர் பழையது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றாள். அப்படியானால் மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை?

"எல்லார் முன்னாலயும் சொன்னா நீங்க வீம்புக்கு அந்த ஃபைல விடவே மாட்டீங்கன்னு தோணுச்சு" என்றாள். ஓசூருக்கு எம்.டி. தன்னைக் கேட்டபோது தண்டபாணி சாரைத்தான் அனுப்பவேண்டும் என்று சொன்னதாகச் சொன்னாள். நான் நம்பவேண்டும் என்று எதிர்பார்க்காத மாதிரிச் சொல்லிவிட்டுத் திரும்பி வேலையைப் பார்த்தாள்.

நல்லவளாக வேறு இருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 13, வியாழன்

வருஷக் கடைசிவரை காத்திருக்கவேண்டாம் என்று எம்.டி.யிடம் நானே சொல்லிவிட்டேன். முருகன்1. சோமனூர் நூற்பாலைக்குப் பின்னால். உரிமையாளர் பழனியப்பன், மெசேஜ் மகனுக்கு. ஜெசிந்தா அடித்துக்கொண்டே வந்தாள், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முருகன்1 இனிமேல் "சோமனூர் ஸ்ரீமுருகன்".

மார்ச் 18, செவ்வாய்

முருகன்6-இன் மச்சானிடம் ஃபோனில் பேசி, நம்பரை அவர் திரையில் அவரையே மாற்றச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் மாற்றிவிட்டு, "இவ்ளோதானுங்களா? இதுக்காங்க வருசம் பூரா உங்களக் கெஞ்சீட்டிருந்தோம்?" என்றார். நான் கெஞ்சவைத்ததாக நினைத்ததே இல்லை.

மார்ச் 27, வியாழன்

அவினாசித் தம்பியும் பல்லடத்து அண்ணனும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். மெசேஜ் சர்வரின் பாஸ்வேர்டையும் இன்று மாற்றினோம். புதியது ஒரு அர்த்தமும் இல்லாத நீளமான எழுத்துக்கூட்டம், தனியாகப் பூட்டி இருக்கிறது, யாருக்கும் நினைவிருக்காது. பழையதை அழிக்கும் வரியில் நான் கொஞ்ச நேரம் கை வைத்தபடியே இருந்தேன். ஜெசிந்தா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அவள் வருவதற்குள் அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

எம்.டி.யிடம் போய், என்னையும் ஓசூருக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். அங்கே ஒரு தலைவர்தானே, அது ஜெசிந்தாவாயிற்றே என்றார். தெரியும் சார், அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் குளியலறையில் எத்தனை தடவை சொல்லிப் பழகினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "சரி, அப்ப இங்க?" எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதபடி அவருக்கு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. கடைசியில், ஒரு வாரம் லீவு எடு, யாரும் உனக்கு ஃபோன் பண்ணமாட்டார்கள், நீயும் பண்ணக்கூடாது, ஓடுகிறதா பார்ப்போம் என்றார்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "வாங்க சார்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அங்க வந்து எதையும் தலைக்குள்ள வச்சுக்கிடக் கூடாது. எழுதிரணும்" என்றாள். இப்போதே மேலதிகாரி. நான் சரி என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஓசூர் கிளை திறந்தாயிற்று. படம் அனுப்பியிருந்தார்கள். ஜெசிந்தா குத்துவிளக்கு ஏற்றுகிறாள், பக்கத்தில் அவள் அம்மா. ஜன்னல் ஓரமாக அவளுக்குப் பெரிய மேசை. படத்தைப் பெரிதாக்கி, அதன் பக்கத்தில் இன்னொரு மேசை போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. ஜன்னலிலிருந்து தூரம்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய். சூளகிரி

நேற்றிலிருந்து லீவு. ஃபோன் அடிக்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

ஃபோன் அடிக்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இந்நேரம் அவினாசியில் பஞ்சு லாரிகள் வரும் நேரம். ஒருவராவது தடுமாறவேண்டாமா? மனிதர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பழகிவிடுமா?

நித்திலா பரீட்சை எழுதிவிட்டு வந்து, நீதிபதி வசனத்தை எனக்கு முழுசாகச் சொல்லிக்காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கடைசியில், "அப்பா, ஃபோனைப் பாக்கறீங்க" என்றாள். எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சாயங்காலம் அலமாரி மேல் ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். எம்.டி.தான். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. வணக்கம்கூடச் சொல்லாமல், "சொல்லுங்க சார், எந்த முருகன்?" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "எந்த முருகனும் இல்லப்பா. வாரம் முடிஞ்சுது. ஒண்ணும் ஆகல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஒன்றுமே ஆகவில்லையா என்று கேட்டேன். ஒன்றுமே ஆகவில்லை என்றார். திங்கட்கிழமையிலிருந்து நீ ஓசூர் என்றார். நன்றி சார் என்றேன். வைத்துவிட்டார். நான் வேண்டியது கிடைத்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று போய்விட்டது. இரண்டும் ஒரே ஃபோனில் வந்தன.

அம்சவேணி கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளிடம் உடனே சொல்லவில்லை. இன்று நான்தான் ரசம் வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். உள்ளே போனேன். இந்த வீட்டில் எந்த டப்பாவிலும் சீட்டு இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே சத்தமாகக் கேட்டேன்.

"பெருங்காயம் எங்கே?"

"இருங்க, வாரேன்" என்றாள் அம்சவேணி.